கண்மணி எழுதுவது

பூண்டுப் பெட்டிக்குள் வைத்த முதல் கடிதத்தையே என் மனைவியின் பெயரில்தான் எழுதினேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று பயந்து கேட்காமல் விட்டதாகவும் சொல்ல முடியாது. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. அன்றைக்குப் பேச வேண்டியதைக் காலையில் தேநீரோடு பேசி முடித்துவிடுவோம். பிறகு அவள் தோட்டத்துக்குப் போய்விடுவாள். நான் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பேன்.

அதற்கு முன் பதினோரு வருடம் கொடைக்கானலில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்தேன். சீசன் இல்லாத மாதங்களில் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள், வாசிக்க நிறைய நேரம் கிடைத்தது. வாரத்தில் ஒரு நாள்தான் கவுஞ்சியில் இருக்கும் வீட்டுக்கு வருவேன். விடுதி கைமாறியபோது மேசைக்குப் புதிய ஆள் வந்தார். நான் புத்தகங்களோடு முழுதாக வீடு வந்து சேர்ந்தேன்.

நிலம் கண்மணியின் அப்பா அவளுக்குக் கொடுத்தது. பூண்டு நடுவது, எடுப்பது, தாளோடு கத்தை கட்டுவது, அடுப்புக்கு மேலே மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுப் புகை காட்டுவது எல்லாம் அவள் சோலி. எடுத்த பூண்டு மலைக்குக் கீழே வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கி, மூட்டையோடு மூட்டையாக விற்றுப்போகும். அதை நேரடியாக இணையத்தில் விற்கலாம் என்று நான் சொன்னபோது அவள் கட்டிக்கொண்டிருந்த கத்தையை முடித்தாள். பிறகு, "ஒரு போகம் பாருங்க. விக்கலன்னா சந்தைக்கே இறக்கிருவோம்" என்றாள். "ஆனா பூண்டு கெட்டுப்போச்சுன்னு ஒருத்தர் வாய்ல இருந்து வரக் கூடாது."

இதுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

விற்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அஜய். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் செல்போன் கடை வைத்திருக்கிறான். விடுதிகளுக்கும் சாக்லேட் கடைகளுக்கும் செலவில்லாமல் விளம்பரம் செய்து கொடுப்பது அவனுடைய இன்னொரு தொழில். காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தை அவன் மதிப்பதில்லை. "அது வெயில்ல வெச்ச ஐஸ்ணே. பாத்துக்கிட்டே இருக்கும்போதே கரைஞ்சிரும்" என்பான். இலவசமாக ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தான். சமையல் வீடியோக்களின் கீழே பூண்டு பற்றி யாராவது சந்தேகம் கேட்டால் போய்ப் பதில் எழுதச் சொன்னான், விற்கிறோம் என்று மட்டும் சொல்லக் கூடாது. தெரிந்த விடுதிகளின் சமையலறைகளுக்கு நான்கு பல் பூண்டைத் துணியில் முடிந்து அனுப்பினோம். மேல்மலை ஊர்களுக்குப் போகும் பேருந்தின் இருக்கைகளுக்குப் பின்னால் ஒட்டிய விளம்பரச் சீட்டுகளைச் சுற்றுலா வந்தவர்கள் சுரண்டிப் பொழுதுபோக்கினார்கள். இரண்டு மாதத்தில் ஒன்பது பேர் வாங்கினார்கள், அதில் நான்கு பேர் அஜயின் சொந்தக்காரர்கள்.

கடிதம் வைக்கும் யோசனை என்னுடையது. அட்டைப்பெட்டியைத் திறக்கிறவருக்குப் பூண்டுக்கு மேலே கையால் எழுதிய ஒரு தாள் கிடைக்க வேண்டும். தாளும் பேனாவும் ஏற்கனவே வீட்டில் இருந்தன. எனக்கு எழுத வரும், அல்லது வரும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பேர்ல எழுதாதீங்கண்ணே" என்றான் அஜய். "ஆம்பளப் பேர் போட்டா யாவாரிம்பாங்க. பொம்பளப் பேர் போட்டா வீடும்பாங்க."

அப்படித்தான் 'கண்மணி எழுதுவது' என்று தொடங்கினேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக எழுதினேன். பாத்தியில் பனி விழுந்த காலை, காட்டெருமை மிதித்துப் போன வேலி, பூண்டுத் தாளை முறுக்கிக் கட்டும்போது விரலில் ஏறும் காரம். இதையெல்லாம் கண்மணி என்னிடம் சொன்னதில்லை. அவள் என்ன நினைப்பாள் என்று யோசித்து எழுதினேன். எழுத எழுத அந்தக் கண்மணிக்கு ஒரு குரல் வந்தது. மெதுவாகப் பேசினாள், எதையும் கவனித்துச் சொன்னாள். நன்றாக வந்த கடிதங்களைப் படம் எடுத்து வலைப்பூவில் போட்டேன். பெட்டியைத் திறந்தவர்களும் கடிதத்தைப் படம் எடுத்துத் தங்கள் குழுக்களில் பகிர்ந்தார்கள். பூண்டைவிட அதிகமாகக் கடிதத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். நான்காவது மாதம் வாரத்துக்கு முப்பது பெட்டி கட்டினோம். பூண்டை எடைபோட்டுப் பெட்டியில் அடுக்குவது கண்மணி. மடித்த தாளை மேலே வைத்து ஒட்டுவது நான். அவள் அதை பில் என்று நினைத்திருந்தாள்.

சுந்தராம்பாள் என்பவருக்குப் போன பெட்டியில்தான் தவறு நடந்தது. அவர் திண்டுக்கல்லில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, அது அவர் வாங்கிய மூன்றாவது பெட்டி. அந்தக் கடிதத்தில் புகை போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். 'காலையில் தைல மரச் சுள்ளிகளை அடுக்கி அடுப்பைப் பற்றவைப்பேன். அந்தப் புகையின் மணம்தான் எங்கள் பூண்டின் மணம்.' மலை முழுவதும் தைல மரம் நிற்கிறது. எழுதுவதற்கும் அந்தப் பெயர் நன்றாக இருந்தது.

ஐந்தாம் நாள் வலைப்பூவில் அவருடைய கருத்து வந்தது. 'நான் கவுஞ்சிக்குப் பக்கத்து ஊரான மன்னவனூரில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் பூண்டுக்குக் கீழே தைல மரத்தை எரிக்கமாட்டாள். எரித்தால் அந்தப் பூண்டை ரசத்தில் போட முடியாது, சளிக்கு நெஞ்சில்தான் தேய்க்கலாம். யார் இந்தக் கண்மணி? இது எந்த ஊர்ப் பூண்டு?'

கடிதங்கள் போன வழியிலேயே இதுவும் போனது. அதே குழுக்கள், அதே ஆட்கள். வெளிமாநிலப் பூண்டை வாங்கிப் புகை காட்டி விற்கிறார்கள் என்று ஒருவர் எழுதினார். கண்மணி என்று ஒருத்தியே இல்லை என்றார் இன்னொருவர். அந்த வாரம் மூன்று பெட்டி. அடுத்த வாரம் ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல் பூண்டு கழியில் தொங்கிக்கொண்டிருந்தது. கெட்ட பெயர் வரக் கூடாது என்று கண்மணி சொல்லியிருந்தாள். வந்திருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

அஜய் பைக்கில் வந்து சேர்ந்தான்.

"ஒரே வழிதாண்ணே. அண்ணிய அடுப்பு முன்னாடி நிக்க வெச்சு ஒரு நிமிஷம் வீடியோ. நான்தான் கண்மணி, இதான் எங்க பூண்டுன்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

"அவளுக்குத் தெரியாது" என்றேன்.

"என்ன தெரியாது?"

"கடிதம்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி பைக் மேல் வைத்தான். "ஏண்ணே, ஊருக்கெல்லாம் தெரிஞ்ச கண்மணிய, வீட்டுல இருக்குற கண்மணிக்கே தெரியாதா?"

"யாரு எனக்குத் தெரியாம?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. கண்மணி விறகுக் கட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

சொன்னேன். சொல்வதற்கு நான் நினைத்ததைவிடக் குறைவான நேரமே ஆனது. அவள் விறகை இறக்கிவிட்டுக் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். விறகு பிளக்கும் கட்டையில் உட்கார்ந்து முதல் கடிதத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

வலைப்பூவில் நாற்பத்தொரு கடிதங்கள் இருந்தன. நானும் அஜயும் எதிரில் நின்றோம். யாராவது நம் முன்னால் உட்கார்ந்து நாம் எழுதியதை வாசிப்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எப்போதோ ஆசை இருந்திருக்கிறது. அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஒரு இடத்தில் மட்டும் சிரித்தாள். எந்தக் கடிதத்துக்கு என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. அஜய் இரண்டு முறை போய் பைக்கைப் பார்த்துவிட்டு வந்தான். கடைசியில் சுந்தராம்பாள் எழுதியதையும் காட்டினான்.

"தைல மரமா?" என்றாள்.

"ஆமாம்."

"கல்யாணமாகிப் பதினாறு வருசம். அடுப்புல என்ன எரியுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல."

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"அண்ணி, ஒரு வீடியோ மட்டும்…" என்று இழுத்தான் அஜய்.

"ஏலே, நான் என்ன சினிமாக்காரியா? அந்தம்மா நம்பர் கெடக்கா?"

பெட்டி அனுப்பும்போது வாங்கிய எண் இருந்தது. அஜய் அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு அவள் கையில் கொடுத்தான்.

"வணக்கம்மா. கவுஞ்சியில இருந்து கண்மணி பேசுறேன்."

"எந்தக் கண்மணி? கடிதம் எழுதுற கண்மணியா?"

"இல்லைங்கம்மா. பூண்டு போடுற கண்மணி."

"அப்ப எழுதுறது யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"ஆம்பளையா?" என்ற குரல் சட்டென்று சிரிப்பாக மாறியது. "அதானே! விறகு பொறுக்காத கையின்னு அன்னைக்கே நெனச்சேன்."

"அவருக்குப் புகை கண்ணுல பட்டாப் போதும்மா, புஸ்தகத்தத் தூக்கிட்டு வெளிய போயிருவாரு."

"நீ என்ன எரிப்ப?"

"சீகை மர விறகுதாம்மா. காஞ்ச பேரிக் கெளை கெடச்சா அதுவும்."

"மழை நாள்ல? சீகை நனைஞ்சிருமே."

"பட்டைய உரிச்சுட்டுப் போடுவேன். பட்டையோட போட்டா கரும்புகை ஏறி, பூண்டுத் தோலு கறுத்துரும்."

"சரி தாயி, நீ பூண்டுக்காரிதான். உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உன் வீட்டுக்காரரு என்னைய ஏமாத்துனது ஏமாத்துனதுதான். அந்த மூணு கடிதத்தையும் நான் பீரோவுல வெச்சிருக்கேன், தெரியுமா? போன வாரம் வரைக்கும் உனக்குப் பதில் எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். எழுதுனது யாருன்னு அவர வெளிப்படையாப் போடச் சொல்லு. அப்புறம் நான் போட்டதை எடுக்குறேன்."

"போடச் சொல்றேம்மா."

அன்று மதியமே எழுதினேன். இதுவரை எழுதியதில் அதுதான் சிறியது, அதிக நேரம் எடுத்ததும் அதுதான். 'இந்தப் பக்கத்தில் கண்மணி என்ற பெயரில் வந்த கடிதங்களை எழுதியது அவர் கணவனான சிவமுருகன். பூண்டு கண்மணியின் தோட்டத்தில் விளைந்தது. தைல மரம் பற்றி எழுதியது தவறு. வியாபாரத்துக்காக இப்படிச் செய்ததற்கு மன்னிக்கவும்.'

கண்மணி வாசித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"யாவாரத்துக்காகன்னு போடாதீங்க."

"வேறு எதற்காக?"

"யாவாரத்துக்கு ஒரு கடுதாசி போதும். ஆளு மாத்தி ஆளு அதையே காப்பி எடுத்து வெச்சிருக்கலாம். நீங்க உக்காந்து உக்காந்து எழுதிருக்கீங்க."

அந்த வார்த்தையை எடுத்துவிட்டுப் போட்டேன்.

கேலி செய்தார்கள். 'பூண்டு சுத்தம், புருஷன்தான் கலப்படம்' என்று ஒருவர் எழுதியதற்கு நிறைய பேர் சிரித்திருந்தார்கள். சிலர் இனி வாங்கமாட்டோம் என்றார்கள். சுந்தராம்பாள் சொன்னபடி தன் கருத்தை மாற்றினார். 'பூண்டு உண்மை. கடிதம் கணவருடையது. இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளவும்.' பத்து நாளில் மறுபடி பெட்டிகள் போக ஆரம்பித்தன, முன்பு போனதில் பாதி. மீதியைக் கண்மணி வடுகபட்டிக்கு இறக்கினாள். தோற்றதாகவோ ஜெயித்ததாகவோ அவள் எதுவும் சொல்லவில்லை. அடுத்த போகத்தையும் இப்படியே பாதி பாதியாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். பெட்டிக்குள் இப்போது எதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பு போகிறது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நான்கு வரிதான்.

பழைய கடிதங்கள் வலைப்பூவிலேயே இருந்தன. ஒரு காலை தேநீர் குடிக்கும்போது, அவற்றை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"கெடக்கட்டும்" என்றாள். கொஞ்சம் கழித்துப் போனை வாங்கி, எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுபோல பக்கத்தை நேராகக் கீழே தள்ளிப் போய், ஒன்றைத் திறந்து என்னிடம் நீட்டினாள். "இது ஒண்ணை மட்டும் எடுத்துருங்க."

இருபத்தேழாவது கடிதம். 'சாயங்காலம் கடைசி பஸ் கொடைக்கானலுக்குக் கிளம்பும்போது நான் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன். வளைவுக்கு அப்பால் சத்தம் அடங்கும் வரைக்கும் நிற்பேன். அதில் ஏற வேண்டும் என்று இல்லை. இன்றைக்கும் ஏறவில்லை என்று ஒரு கணக்கு.'

"இதுவும் நான் சும்மா எழுதினதுதான்" என்றேன்.

"மத்ததெல்லாம் சும்மா. அதான் கெடக்கட்டும்னேன்."

அதை எழுதியபோது எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து எப்போதாவது பார்த்திருக்க வேண்டும். பார்த்ததாக நினைவில்லை. கேட்கலாமா என்று தோன்றியது, கேட்பதற்கு இப்போது கொஞ்சம் பழகியும் இருந்தேன். ஆனால் அவள் முகம் கேட்காதே என்றது.

நீக்கும் பொத்தானை அழுத்தினேன். உறுதிதானா என்று போன் கேட்டது. ஆம் என்றேன். கடிதம் போனது.

"பெட்டியில வெச்சு அனுப்புனது யாருக்கு?" என்றாள்.

தேடிப் பார்த்தேன். "சேலத்தில் ஒருத்தர்."

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவங்க கிட்ட இருக்கட்டும். அவங்களுக்கு என்னையத் தெரியாது."