வேற எங்க போவான்

படுக்கையில் கிடந்த தம்பியின் தாடையை இடக்கையில் ஏந்தியபடி அக்கா சவரம் செய்துகொண்டிருந்தாள். நுரைக்குள்ளிருந்து அவன் சிரித்தான்.

"என்னடா?"

"ஜெயில்ல ஒரே பிளேடுல ஒரு வரிசைக்கே வழிப்பாங்க. நீ என்னமோ கல்யாண மாப்பிள்ளைக்குப் பண்ற மாதிரி பண்றே."

"ஆடாதே, கீறிடும்."

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். வெங்காய மூட்டைகளுக்கு அடியில் யாரோ கொடுத்த கஞ்சாப் பொட்டலங்களை, தெரிந்தேதான், ஏற்றி வந்தான். ஒருவரையும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனாலும் இருபது வருடம் என்றார்கள். பாதியைக் கழித்தபோது சட்டம் மாறியது. அடிதடி இல்லாத போதைப்பொருள் வழக்குகளில் தண்டனையைக் குறைக்கலாம் என்றது.

"அன்னைக்கு மச்சான் எழுந்து நின்னாரே..." என்றான் தம்பி.

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருடமும் அவள் கணவர் இவன் பேச்சையே எடுத்ததில்லை. எடுத்தாலும், "உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும்" என்பதோடு சரி. தண்டனைக் குறைப்பு மனு விசாரணைக்கு வந்த அன்று, "வெளியே விட்டால் எங்கே போவாய்?" என்று நீதிபதி கேட்டார். தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் வாய் திறப்பதற்குள் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது.

"எங்க வீட்டுக்குத்தான் வருவான், ஐயா. வேற எங்க போவான்?"

ஆபீஸுக்கு என்று காலையில் கிளம்பிய மனிதர்!

விடுதலையாகி வந்த புதிதில், "வெளிய போகட்டுமா அக்கா?" என்று கேட்டுத்தான் வாசல் தாண்டுவான். மாலையில் மச்சானும் அவனும் சீட்டாடுவார்கள். சீட்டை மாற்றி வைத்து மச்சான் பிடிபடுவார்.

"கள்ளாட்டம் ஆடுறது நீங்க, உள்ள போனது நானா?"

மூவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அப்படி இரண்டு வருடம். நோய் பிடித்த நுரையீரல்தான் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை.

முகத்தை ஈரத்துணியால் ஒற்றினாள்.

"கண்ணாடி காட்டட்டுமா?"

"அப்புறமா," என்று கண்ணை மூடினான்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள். மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் அடக்கம் முடிந்தது. அவனோடு லாரி ஓட்டிய பழைய சகாக்கள் ஒரு சின்ன லாரியில் வந்திருந்தார்கள். அவர்கள் சொல்லிக்கொண்டு போய் வெகுநேரமாகியும் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள்.

துக்க வீட்டு வாசலில் சத்தம் எழக்கூடாதென்று எஞ்சினைப் போடாமல், ஓட்டுநர்கள் லாரியைக் கையாலேயே பிரதான சாலை வரை தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, சட்டைக் கையை மடித்துவிட்டு, அவள் கணவரும் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்.