பழைய போன்காரர்

அப்பாவின் அறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. அப்பா அம்மாவைப் பார்க்க வந்த நானோ வெளியே, கூடத்தில், ஒரு செருப்பை மட்டும் கழற்றிய நிலையில் நின்றுகொண்டிருந்தேன்.

“மன்னிக்கணும், இந்தப் பக்கத்தைப் படிக்க முடியலீங்க.”

சளிபிடித்த என் குரலேதான். மூன்று வருடத்துக்கு முன்பு, செய்திகளை வாய்விட்டுப் படிக்கும் செயலி ஒன்றை எழுதினேன். சேவை மனப்பான்மை எல்லாம் இல்லை. பாத்திரம் கழுவும்போது செய்தி கேட்கலாமே என்ற சோம்பேறித்தனம். இலவசம், விளம்பரம் கிடையாது, அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். இதுவரை யாரும் எடுக்கவுமில்லை, திருத்தவுமில்லை. படிக்க முடியாத பக்கம் வந்தால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. ஆள் வைக்க வக்கில்லாமல் நானே பேசிப் பதிந்தேன். அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னதில்லை.

பழைய போனைத் தூக்கி எறியவைக்கிற கம்பெனிகளைப் பற்றி நான் ஆரம்பித்தால் என் மனைவி துணி மடிக்கப் போய்விடுவாள். அப்பேர்ப்பட்ட நான், போன மாதம் புதிய பதிப்பை வெளியிட்டபோது பழைய போன்களைக் கைகழுவிவிட்டேன். வேலை மிச்சம். அன்றிலிருந்து புகார்ப் பக்கத்தில் ஒரே ஒருவர் தினமும் எழுதினார்: “ஐயா, எல்லாப் பக்கத்துக்கும் மன்னிப்புதான் வருகிறது. செய்தி வரவில்லை.” பெயர் போடவில்லை. வீட்டில் அவருக்குப் ‘பழைய போன்காரர்’ என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தேன். நேற்று பொறுமை போய்ப் பதில் எழுதினேன்: “புது போன் வாங்குங்கள். இல்லையென்றால் கண்ணைத் திறந்து நீங்களே படியுங்கள்.” சரியாகக் கொடுத்தேன் என்று எனக்கே ஒரு காபி வேறு போட்டுக்கொண்டேன்.

கதவைத் தள்ளினேன். முப்பது வருடம் லாரி ஓட்டிய அப்பா, ஜன்னலோரம், நல்ல வெயில் வெளிச்சத்தில், போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தார். எங்களுக்கிடையே நாலு அடி தூரம்.

“யாரு?”

ஒற்றைச் செருப்போடு ஒரு அடி முன்னால் வைத்தேன்.

“நான்தாம்ப்பா.”

“நீயா! பூனை மாதிரி வந்து நிக்கறே.” முகத்தைச் சற்றுத் திருப்பி, ஓரக்கண்ணால் என்னைத் தேடினார்.

“எத்தனை நாளாப்பா, கண்ணு?”

போனை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். “ஒரு வருஷம் இருக்கும். நடுவுலதான் மறைக்குது, ஓரத்துல தெரியுது. டிரைவருக்குக் கண்ணு போச்சுன்னு தண்டோரா போடச் சொல்றியா? உங்கம்மாகிட்ட உளறி வைக்காதே.” பிறகு சட்டென்று உற்சாகமானார். “இதுல ஒருத்தன் பேசறான், கேட்டியா? அச்சு அசலா உன் குரல். நீதானோன்னுகூட நெனச்சேன். அப்புறம், நம்ம பையனாவது, மன்னிப்புக் கேக்கறதாவதுன்னு விட்டுட்டேன்.”

அவரே சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். மூச்சுதான் வந்தது.

“பக்கத்து வீட்டு டீச்சரம்மாதான் இதைப் போன்ல போட்டுக் குடுத்தாங்க. எனக்காக அவனுக்கு எழுதிப் போடறதும் அவங்கதான். நேத்து பதில் வந்துச்சாம். புது போன் வாங்கச் சொல்றான்னு படிச்சாங்க, பாதியில நிறுத்திட்டாங்க. மீதியைக் கேட்டா அடுப்புல பால் இருக்குன்னு ஓடிட்டாங்க. நீ படி.”

போனை நீட்டினார். திரையில் என் பதில், நான் எழுதியபடியே, ஒரு எழுத்தும் குறையாமல் இருந்தது.

“படிடா. என்னதான் சொல்றான்?”

வாயைத் திறந்தேன். போனை மாற்றிப் பிடித்ததில் விரல் ‘படி’ பொத்தானில் பட்டுவிட்டது.

“மன்னிக்கணும்,” என்றது போன், என் குரலில். “இந்தப் பக்கத்தைப் படிக்க முடியலீங்க.”

அப்பா தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால், திறந்தபடியே இருந்த என் வாயின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.