வெண்கல எருதின் காவல்காரர்

கணவனை விட்டுப் போகிறேன் என்று அவரிடமே சொல்வதற்கு நான் மியூசியத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. மகேஸ்வரனுக்குப் பகலில் அங்கே காவல் வேலை. அவர் வீடு வரும்போது நான் இரவு வேலைக்குப் போயிருப்பேன். சனி ஞாயிறு அவருக்குப் பேக்கரியில் வேலை. இரண்டு வருடமாக எங்கள் குடும்பம் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிய துண்டுக் கடதாசிகளில்தான் நடந்தது. இதையும் துண்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் பெட்டியை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் டோக்கன் தந்தார்கள். அவர் நின்ற அறையின் நடுவே, வெண்கலத்தில் ஒரு சிங்கம் எருதின் முதுகில் ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது. காவல்காரர் வேலை நேரத்தில் கதைக்கக் கூடாது. யாராவது கேட்டால் சிலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம். நானும் சிலையைப் பார்த்தபடியே கேட்டேன்.

"அம்பாளின்ர வாகனம் சிவன்ர வாகனத்தைக் கடிக்குது. என்ன பிரச்சினையாம்?"

அவர் சிரிக்கவில்லை. "இத்தாலிக்காரர் நானூறு வருசத்துக்கு முந்திச் செய்தது. வடிவாப் பாரும், மாடு இன்னும் விழேல்லை. பின்னங்கால் ஊண்டி நிக்குது. வால் மயிர்கூடத் தனித்தனியாத் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாட்டின்ர வால் மயிர் தெரியுது. என்ரை தலைமயிர் தெரியேல்லையோ?"

அப்போதுதான் திரும்பினார். இடுப்பு வரை இருந்த கூந்தல் தோளோடு நின்றது.

"எப்ப வெட்டினனீர்?"

"மூண்டு கிழமையாச்சு."

அவர் கண் என் கையிலிருந்த டோக்கனுக்குப் போனது. மஞ்சள் டோக்கன் பெரிய பெட்டிக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். முகம் தொங்கிவிட்டது.

"எங்கை, குணவதி?"

"ரெக்ஸ்டேலுக்கு. அக்கா வீட்டை. திரும்பி வாறதா யோசனை இல்லை."

ஒரு வெள்ளைக்காரச் சோடி உள்ளே வந்து, சிலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அதுவரை விறைத்து நின்றார். எனக்குக் கோபமும் பாவமும் ஒன்றாக வந்தன.

"அஞ்சு மணிக்குப் பூட்டுவினம்," என்றார். "அதுவரைக்கும் நில்லும். பெட்டி பாரம், நான் தூக்கிக்கொண்டு வாறன்."

"ரெக்ஸ்டேலுக்கோ?"

"ஓம். சப்வே எடுத்து, பிறகு பஸ். ஒண்டரை மணித்தியாலம் வரும். கதைச்சுக்கொண்டு போவம்."

இரண்டு வருடத்தில் எங்களுக்குச் சேர்ந்தாற்போல் ஒன்றரை மணித்தியாலம் கிடைத்ததே இல்லை. நான் சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். மணி மூன்றே கால். அவர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். சுப்பர்வைசர் கண்டால் வேலை போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் திரும்பி நில்லுங்கோ என்று சொல்ல வாய் வரவில்லை.