மாத்திரை பேசிய பேச்சு

ராஜாங்கம் பேசாத மனுஷன். கழனியில் மாட்டோடு பேசுவார். கிணற்றில் மோட்டார் ஓடாவிட்டால் மோட்டாரைத் திட்டுவார். வீட்டுக்குள் வந்தால் "ம்" என்பதும் "வேணா" என்பதும்தான். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊருக்குக் காசியம்மாள் வாழ வந்த நாள் முதலாக அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தாமே"தான்.

ஒரு வருஷம் சித்திரையில், காலில் பட்ட மண்வெட்டிக் காயம் ஆறாமல் கள்ளக்குறிச்சி டாக்டரிடம் போனபோது சர்க்கரை என்று தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடச் சொன்னார் டாக்டர். ராஜாங்கம் ஒரு நாளும் தவறவிடவில்லை. சாப்பாட்டைத்தான் தவறவிட்டார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு கழனிக்குப் போனால், மடை திருப்பி முடித்த பிறகுதான் கஞ்சி.

வைகாசியிலிருந்து ஆள் மாறினார். வெயில் ஏறும் நேரத்துக்கு வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். வரப்பில் போகிறவனிடம் வம்புக்குப் போவார். ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார். இன்னொரு நாள் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ராஜாங்கம் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று ஊர் பேசியது. பக்கத்து வீட்டிலிருந்த அவருடைய அக்கா ராஜாம்பாள் வாசலில் நின்று கேட்டாள்: "ஏண்டி காசி, எந் தம்பி சாராயத்த மோந்துகூட பாத்தது கெடையாது. இன்னாடி பண்ண அவன?"

"நா இன்னா அண்ணி பண்ணேன்? மாத்திர போட்டா பேசுறாரு, கஞ்சி ஊத்துனா வாய மூடிக்கிறாரு."

கஞ்சி உள்ளே போனதும் வேர்வை அடங்கி, பழைய ராஜாங்கம் வந்து உட்கார்வதைக் காசியம்மாள் கவனித்திருந்தாள். முந்தானையில் வெல்லம் முடிந்துகொண்டுதான் கழனிக்குப் போனாள்.

ஆனால் ஊருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த நேரங்களில் அவர் அவளைக் "காசி" என்று கூப்பிட்டார். ஆவணியில் ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு ஒன் மூக்குடி, காசி" என்றார்.

கல்யாணமான மறு வருஷம் பிறந்த பெண், பேர் வைப்பதற்குள் போய்விட்டாள். தீட்டில் கிடந்தவளின் மடியிலிருந்து துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். எங்கே புதைத்தார் என்று சொல்லவில்லை. "எடம் தெரிஞ்சா அங்கியே போயி குந்திக்குவா, மறுக்கா வயிறு தொறக்காது" என்று மாமியார் தடுத்துவிட்டாள். மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். வயிறும் திறக்கவில்லை. இடம் மட்டும் ராஜாங்கத்தின் வாய்க்குள்ளேயே கிடந்தது. காசியம்மாள் கேட்டபோதெல்லாம் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அன்று வரப்பிலும் அவள் வெல்லத்தைத்தான் நீட்டினாள். தின்றார். பிறகு "ம்" என்றார்.

புரட்டாசி பிறந்தபோது இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் கிடையாது. ஊர் ஆம்பிளைகளில் பாதிப்பேர் ரோட்டில் கிடந்தார்கள். முதல் சனிக்கிழமைக்கு வெளியூர்க் கோயிலுக்குப் போக வழியில்லாததால் தெருவிலிருந்த பஜனைக் கோயிலிலேயே படையல் என்று முடிவானது. ஆனால் பூசை போடும் சடையனும் மறியலில் இருந்தான். அவன் வந்தால்தான் படையல். படைத்தால்தான் ஒருபொழுது இருக்கிறவர்கள் சாப்பிடலாம்.

ராஜாங்கம் காலையில் குளித்து, நாமம் போட்டு, மாத்திரையை விழுங்கியிருந்தார். "இன்னைக்கி மாத்திர வேணாங்க" என்று காசியம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

"வெறும் வயித்துலதான போட சொன்னாரு?" என்றார். அவரைப் பொறுத்தவரை அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. சடையன் வரவில்லை. மறியலில் எங்கேயோ போலீஸ் சுட்டுவிட்டதாம் என்ற செய்திதான் வந்தது. பஜனைக் கோயிலில் பெண்கள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றார்கள். ராஜாம்பாளின் மகன் பாவாடையும் ரோட்டில்தான் இருந்தான்.

அப்போது தூணில் சாய்ந்திருந்த ராஜாங்கம் எழுந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கையும் தாடையும் ஆடின. "ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டார். விளக்கு வரைக்கும் போய்த் திரும்பினார்.

"கோவிந்தா! பெருமாளு வந்துட்டாருடி!" என்று கத்தினாள் ராஜாம்பாள். பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். "சாமி, எம் புள்ள பாவாட வூடு வந்து சேருவானா? சொல்லு சாமி!"

காசியம்மாள் முந்தானையைத் தடவினாள். கோயிலுக்கென்று கட்டியிருந்த புதுச் சேலை. முடிச்சு இல்லை. விளக்கின் முன்னால், படைக்காத பானகம் குண்டானில் இருந்தது. அதன் பக்கம் போனவளின் கையை நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

"அறிவு கீதாடி? படைக்கறதுக்கு மின்னாடி தொடுற?"

"சாமி இல்ல அண்ணி, மாத்திர. வுடு."

"எம் புள்ளைக்கி பதில் சொல்லட்டும்டி! கொஞ்சம் பொறு!"

ராஜாங்கம் இருவரையும் பார்த்தார். பார்வை காசியம்மாள் மேல் நின்றது. குரல் தணிந்தது.

"காசி. ஒனக்கு நா சொல்லவே இல்ல."

விழுந்து கும்பிட்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"பாப்பா குளிருமேன்னு எந் துண்டையும் சேத்துச் சுத்தி வெச்சேன். கெணத்து மேட்டுலதான், காசி. மேட்டுல..." நாக்கு குழறியது. "அந்த..."

காசியம்மாள் அசையவில்லை. நாத்தனார் கை அவள் மணிக்கட்டில் இருந்தது. ஆனால் அவளைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கை இல்லை. இன்னும் ஒரு சொல் வந்தால் போதும். எந்தப் பக்கம், எந்த மரம், எந்தக் கல்.

அவருடைய கண் மேலே செருகத் தொடங்கியது.

கையை உதறிக்கொண்டு குண்டானில் சொம்பை முக்கினாள். தலையைத் தாங்கிப் பிடித்து அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். சொல்ல வந்த வாய், பானகத்தை விழுங்கியது. ராஜாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். காசியம்மாளும் அழுதாள். இருவரும் ஒரே காரணத்துக்கு அழுவதாக மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ராஜாங்கம் எழுந்து உட்கார்ந்து, சட்டையில் வழிந்திருந்ததைப் பார்த்தார். "இன்னாமே இது, ஈரம்?" என்றார்.

பாவாடை அன்று சாயங்காலமே வந்துவிட்டான். ஆனாலும் சாமியின் வாயை அடைத்தவள் என்று ராஜாம்பாள் தீபாவளி வரைக்கும் காசியம்மாளோடு பேசவில்லை.

மரங்களை அப்புறப்படுத்திப் பஸ் ஓட ஆரம்பித்ததும் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெறும் வயித்துல போடுங்கன்னா, போட்டுட்டு பட்டினி கெடங்கன்னா அர்த்தம்? அரை மணியில சாப்பிடணும்யா. ரத்தத்துல சர்க்கரை இறங்கிப்போனா மூளை தடுமாறும். கோவம் வரும், அழுகை வரும், குடிச்சவன் மாதிரி பேச்சு வரும். பேசுனது ஞாபகமும் இருக்காது." மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். காசியம்மாளிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "இனிமே அப்படிப் பேச மாட்டாரும்மா."

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. மேற்கே கல்வராயன் மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. காசியம்மாள் மெல்லக் கேட்டாள்.

"அன்னிக்கி பாப்பா எடத்த சொல்ல வந்தீங்க."

"யாரு?"

"நீங்கதான். கெணத்து மேட்டுலன்னு சொன்னீங்க. துண்டு சுத்தினேன்னு சொன்னீங்க."

ராஜாங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"டாக்டரு சொன்னாருல்ல? அது மாத்திர பேசுனது" என்றார்.

அதன் பிறகு காசியம்மாள் கேட்கவில்லை. அவரும் பல வருஷம் இருந்தார். காலையில் மாத்திரையை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். இட்லித் தட்டை இறக்கி வைத்த பிறகுதான் கொடுப்பாள். ஒரு தரம் அடுப்பு சரியாக எரியாமல் நேரமாகிவிட, அவரே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கூடத்திலிருந்து "காசி" என்று ஒரு குரல் வந்தது. இட்லித் தட்டை அப்படியே போட்டுவிட்டுச் சர்க்கரை டப்பாவோடு ஓடினாள். ஓடும்போதே அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் வாங்கவில்லை. அவர் வாயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டினாள்.

ஒரு தை மாசம் அவர் போனார். சர்க்கரையால் இல்லை, நெஞ்சுவலி. கழனியைப் பாவாடை பார்த்துக்கொண்டான். கிணற்று மேட்டை மட்டும் டிராக்டர் ஓட்ட அவள் விடவில்லை. மேட்டில் களை எடுக்கப் போகும்போது செருப்பைக் கீழேயே கழற்றிவிடுவாள். எந்த இடம் என்று தெரியாததால் மேடு முழுக்கவும் மெதுவாகத்தான் கால் வைப்பாள்.