தலைகீழாகவும் தெரிந்த நடை

உளவியல் பிரிவில் அவருக்குப் பட்டப்பெயர் 'புள்ளி சார்'. ஆய்வுக்கூட வகுப்பில் கறுப்புத் திரையில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகளைக் காட்டுவார். அவை அசையாதவரை மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். நகர ஆரம்பித்ததும், "ஐயோ, யாரோ நடக்கிறாங்க!" என்று வகுப்பே கத்தும்.

நடந்தது அவருடைய அக்கா. கணவர் தவறியபின், கல்யாணமே வேண்டாமென்று இருந்த தம்பியோடு வந்து தங்கியவள். அவளுடைய மூட்டுகளில் குட்டி விளக்குகளை ஒட்டி, வீட்டை இருட்டாக்கி, கூடத்தில் நடக்கவிட்டுப் படமெடுத்தார். "படிச்சவன் பண்ற வேலையாடா இது? பக்கத்து வீட்ல பார்த்தா பேய்னு ஓடிடுவாங்க" என்று சிரித்தபடி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தாள். கணினியில் விளக்குகளைப் புள்ளிகளாக்கவே ஒரு விடுமுறை ஓடிப்போனது. அப்புறம் மகன் வந்து அவளைத் தன் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டான்.

ஒருநாள் வகுப்பில் படத்தை, தலை கீழேயும் கால் மேலேயுமாகத் திருப்பி ஓட்டினார். அப்போது கண் எப்படி ஏமாறுகிறது என்பதுதான் பாடம்.

"ஏதோ பூச்சி மொய்க்குது சார்" என்றான் ஒருவன்.

"உங்களுக்கு ஆள் தெரியுதா சார்?" என்று கேட்டாள் முன்வரிசைப் பெண்.

"தெரியுது."

"எப்படி?"

"பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சும்மா" என்று மழுப்பினார்.

மாணவர்கள் போனதும் அக்காவுக்கு போன் செய்து, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"டேய், எனக்கு மூட்டு ஆபரேஷன் ஆச்சுடா. இப்போ காலை இழுக்கிறதே இல்ல. பேரனோட பார்க் வரைக்கும் நடக்கிறேன்!"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நீ தனியா கிடந்து பதறுவேன்னுதான் சொல்லல. சாப்பிட்டியா?"

"ஆச்சுக்கா" என்று பொய் சொன்னார்.

சந்தோஷமான சேதிதான். ஆனாலும் அக்காவின் இப்போதைய நடை எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை.

மறந்துபோன குடையை எடுக்க முன்வரிசைப் பெண் திரும்பி வந்தாள். திரையில் புள்ளிகள் இன்னும் போய்க்கொண்டிருந்தன.

"யார் சார் அது?"

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "எங்க அக்கா" என்றார்.

"இங்கதான் இருக்காங்களா?"

"இல்லம்மா. மகன்கூட இருக்காங்க. நல்லா இருக்காங்க."

"சரிங்க சார்" என்று அவள் போய்விட்டாள். அவர் நாற்காலிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார்.