ரேகை விழாத கை

...அடிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது, ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள், பிறகு எதற்கு இந்தப் பயம் என்று சாமுவேலுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. வாலாஜாபாத் பேருந்துக்காக நின்றவனை ஒரு போலீஸ்காரர் செல்போனில் படம் பிடித்தார், அதில் முகம் ஒத்துப்போகிறது என்று என்னவோ வந்தது, உடனே கையைப் பிடித்துக்கொண்டார்... பட்டப்பகலில், அத்தனை சனம் பார்க்க. இருபது வருஷமாக இந்தக் காஞ்சிபுரத்தில் பட்டுநூலுக்குச் சாயம் தோய்க்கிறவன், ஒரு போன் சொல்லிவிட்டால் திருடனாகிவிடுவானா? ஆதார் அட்டை கேட்டார்கள். அது வீட்டு பீரோவில். அதை யார் தினமும் வேலைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்? "செயின் அறுத்தவன் வுட்டுட்டுப் போன பைக்ல ரேகை கிடைச்சிருக்குது. பேருதான் தெரில. நீ அவன் இல்லன்னா மெஷினே சொல்லிடும், விரலை வை" என்றார் எஸ்.ஐ. வைத்தான். சிவப்பு விளக்கு, ரேகை பதியவில்லை. மறுபடி வைத்தான், சிவப்பு. ரேஷன் கடையில் செய்வதுபோல் கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்தான், எண்ணெய்ப் பசை ஏறினால் சில நாள் விழும்... பக்கத்திலிருந்த போலீஸ்காரர் மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்தார். "யோவ், என்னாத்த தடவுற? சார், இவன் கைல ரேகையே இல்ல, அழிச்சிக்கினு வந்துருக்கான்!" அழித்துக்கொண்டா? கொதிக்கிற சோப்புத் தண்ணீரிலும் சலவைச் சோடாவிலும் நூலை முக்கி முக்கிப் பிழிந்து தேய்ந்துபோன விரல் சார் இது, வேண்டுமானால் முதலாளியைக் கேளுங்கள்... சொல்ல நினைத்ததோடு சரி. உழைத்ததே குற்றமாகிவிட்டதே.

"நீயே பாரு" என்று எஸ்.ஐ. போனைத் திருப்பினார், செயின் அறுத்தவன் ஏதோ கடை கேமராவில் விழுந்த படம். பார்த்தான். தூக்கிவாரிப்போட்டது. தன் முகமேதான்... இல்லை, சட்டைக் காலரின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறானே, அப்படிக் கடித்துக் கடித்துச் சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்கியது யார்? ஜான்சன். தம்பி. எட்டு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு போனவன், செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் அம்மா ஞாயிறுதோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறாளே, அந்தப் பாவி. உயிரோடு இருக்கிறான், ஆண்டவரே, உயிரோடு இருக்கிறான்! ஆனால் இப்படியா, திருடனாகவா? என் தம்பி சார் என்று ஒரு வார்த்தை போதும், வீட்டுக்குப் போய்விடலாம், போய் அம்மாவிடம் என்னவென்று சொல்வது, கண்டுபிடித்தேன் என்றா, பிடித்துக் கொடுத்தேன் என்றா? சொல்லாவிட்டால் இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க முடியுமா?

"என்னாபா, தெரிஞ்ச ஆளா?" என்றார் எஸ்.ஐ.

"இல்ல சார், யாருன்னே தெரில" என்றான். குரல் உடையவில்லை, எப்படி இவ்வளவு நன்றாகப் பொய் வருகிறது என்று அவனுக்கே ஆச்சரியம். ஆனால் எஸ்.ஐ. போனை உள்ளே வைக்கவில்லை, இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏன் இப்படிப் பார்க்கிறார், என்ன இருக்கிறது இங்கே... கன்னத்தைத் தொட்டான், நனைந்திருந்தது.