வளைந்த கட்டையும் சீல் உடைக்காத பாட்டிலும்

1

இந்தக் கதை என் கடைக்கு ஒரு பாட்டில் ஸ்பிரிட் வாங்க வந்தது. டெல்சி கேட்டாள்: "இது துடைச்சா சீக்கிரம் ஆவியாயிடுமா?"

"என்ன, புண்ணுக்கா?"

"மரத்துக்கு."

விலை கேட்கவில்லை. மீதியையும் வாங்காமல் போனாள். இந்தக் கென்டக்கி மலைப்பக்கத்தில் சோப்புக்கே அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள் அவள். மீதிச் சில்லறையை அவள் பேரில் தனியே எடுத்து வைத்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மலையை மூடிய பனிமூட்டத்தினூடே டெல்சி —"

அடித்துவிட்டேன். மூட்டம் போட்டு விற்கிற சரக்கை நானே வாங்க மாட்டேன்.

நேரே சொல்கிறேன். டெல்சி, குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய பாணித் துப்பாக்கி செய்கிறவள். தம்பி ஓரனுக்குச் சுரங்கத்தில் கல் தெறித்து வலக்கண் போயிற்று. இனி இடக்கண்ணால்தான் குறி பார்க்க முடியும். அதற்குக் குதிரை, அதாவது மருந்தைத் தட்டிப் பற்றவைக்கிற சுத்தி, இடப்பக்கம் வைத்த துப்பாக்கி வேண்டும். குளிர்காலம் முழுக்க அவனுக்காக மேப்பிள் மரத்தில், குழலைத் தாங்குகிற துப்பாக்கிக் கட்டை செதுக்கினாள். மகராசன் ஓரன் அதை எடுத்து அடுப்போரம் சாய்த்து வைத்தான். கட்டை வில்லாய் வளைந்தது. இரும்புக் குழலைப் பள்ளத்தில் படுக்க வைத்தால் முனையில் விரல் நுழைகிற சந்து.

3

"யார்றா இதை அடுப்புகிட்ட வெச்சது?"

"குளிருமேன்னு வெச்சேன்க்கா."

"கட்டைக்கா குளிரும்? உனக்குக் கண்ணு மட்டுந்தான் போச்சுன்னு நெனச்சேன்."

"மூளை பொறக்கும்போதே இல்ல. அம்மாவக் கேளு. சனிக்கிழமை பந்தயம்க்கா. நான் வராட்டி, ஒத்தக்கண்ணன் பயந்துட்டான்னு சொல்வானுங்க."

(குறி தப்பாமல் சுடுகிறவருக்கு மாட்டின் பின்தொடை, கடைசிப் பரிசு தோலும் கொழுப்பும். போன வருஷம் ஓரனுக்கு அதுகூட இல்லை.)

டெல்சி கட்டையின் அடிப்பக்கத்தை மேஜையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் இறுக்கினாள். வெந்நீர்த் துணி சுற்றி ஆவி பிடித்தாள். நேராக்கினால் மட்டும் போதாது, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாய் வளைக்க வேண்டும். விட்டதும் மரம் திரும்பி வந்து நேரில் நிற்கும். ஆப்பு வைத்து, கிளாம்பைத் திருகினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் —

டிக்.

4

அடுப்பும் டிக் என்னும்.* கிளாம்பும் என்னும். ஓரனின் முழங்காலும் என்னும். டெல்சி மூன்றையும் பார்த்தாள். பிறகு குதிரைக்குப் பின்னால், கை பிடிக்கிற ஒடுங்கிய கழுத்தைத் தடவினாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

கிளாம்பைக் கழற்றியபோது கட்டை நூல் பிடித்தது போல நேராக இருந்தது. ஓரன் அதற்கு முத்தம் கொடுத்தான். டெல்சி அவன் கன்னத்தையே பார்த்தாள். சுடும்போது அவன் கன்னம் அதன்மேல்தான் இருக்கும். வெடிக்கிற உதையில் கழுத்து முறிந்தால், முறிந்த முனைக்கு மேலே இருப்பது இருக்கிற ஒரே கண்.

உள்ளே வெடிப்பு இருந்தால், ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கும்போது தெரிந்துவிடும். மேலெல்லாம் காய்ந்த பிறகும் வெடிப்பு மட்டும் ஈரமாய், கறுப்பு மயிரிழை போல நிற்கும்.

(* இந்த மேப்பிளில் அலை அலையாய் வரி ஓடும். பார்க்க அவ்வளவு அழகு. வரி குறுக்கே ஓடுவதால் முன்னறிவிப்பில்லாமல் முறியும். இதை நீங்கள் அறியாமலே இருந்திருக்கலாம்.)

5

இதுவரை சொன்னதெல்லாம் டெல்சி வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"ஏன், சரக்கு சரியில்லையா?"

"பாக்கல."

திருப்பிப் பார்த்தேன். சீல் உடையவில்லை.

"தம்பிகிட்ட சொல்லிடு, டெல்சி."

"மொத வெடி நான் போடறேன்னு கேட்டேன். 'இது என் இடக்கண்ணுக்கான துப்பாக்கி, நீ தள்ளுக்கா'ன்னுட்டான்." மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கட்டைக்குப் பேரு வேற செதுக்கிட்டான்."

"என்ன பேரு?"

"டெல்சி."

6

சனிக்கிழமை. கல்லாவில் உட்கார்ந்து முடிவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அ. அவள் இரவே துடைத்துப் பார்த்து, கட்டையை அடுப்பில் — (இல்லை. பாட்டில் என்னிடம் இருக்கிறது.)

ஆ. அந்த டிக், கிளாம்பின் டிக்தான், ஓரன் பின்தொடையோடு — (விற்கப் பார்க்கிறேன். எனக்கே போணியாகவில்லை.)

இ. அவள் கடைசி நொடியில் ஓடிப்போய் —

மலைக்கு அந்தப் பக்கம் முதல் வெடி கேட்டது.

ஓரன்தான். சீட்டுக் குலுக்கலில் முதல் ஆள் தான் என்று காலையில் வந்து பீற்றிக்கொண்டு போனான். ஆளுக்கு மூன்று வெடி. அவன் முடிக்கும்வரை வேறு யாரும் சுடக்கூடாது. இரண்டாவது வெடி கேட்டால், முதல் வெடியில் கட்டை தாங்கிவிட்டது. இப்போது மருந்தை அளந்து கொட்டியிருப்பான். எண்ணெய்த் துணியில் ஈயக் குண்டை வைத்து இடிகம்பியால் தள்ளியிருப்பான். அவன் நிதானமாய்க் கெட்டிக்கிறவன். ரொம்ப நிதானம். அல்லது —

சிகரெட் கேட்டு வந்தவர் காசை நீட்டியபடி காதை மலைப்பக்கம் திருப்பி நிற்கிறார். நானும் வாங்காமல் நிற்கிறேன்.

பாட்டில் இங்கே மேஜைமேல் இருக்கிறது. சீல் அப்படியே. உங்களுக்குத் தைரியம் இருந்தால் உடைத்து, துடைத்துப் பாருங்கள். எனக்குக் கை வரவில்லை.